முதல் ஒருவருடையது, உழைப்பு மற்றவருடையது: நீதியான பங்கு எது?

எல்லாப் புகழும் அகிலங்கள் அனைத்தையும் படைத்துப் பரிபாலிக்கும் அல்லாஹ் ஒருவனுக்கே உரியன. ஸலவாத்தும் ஸலாமும் எம்பெருமானார் முஹம்மது முஸ்தஃபா (ஸல்) அவர்கள் மீதும், அவர்களின் குடும்பத்தார், தோழர்கள், அவர்களைப் பின்பற்றி வாழ்ந்த நன்மக்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!



திருக்குர்ஆனின் ஸாத் அத்தியாயத்தில் நபி தாவூத் (அலை) அவர்களிடம் வந்த ஒரு வழக்கு சொல்லப்படுகிறது. சகோதரர் இருவர். ஒருவரிடம் தொண்ணூற்றொன்பது ஆடுகள். மற்றவரிடம் ஒரே ஓர் ஆடு. தொண்ணூற்றொன்பது உடையவர் அந்த ஓர் ஆட்டையும் தம்மிடம் ஒப்படைக்கும்படி கேட்டார்; கேட்டதோடு நில்லாமல் பேச்சிலும் மற்றவரை மிகைத்துவிட்டார். ஓர் ஆட்டுக்காரரின் முறையீடு இதுதான். அவ்விடத்தில் நபி தாவூத் (அலை) அவர்கள் உரைத்ததாக 24 ஆவது வசனம் ஓர் உண்மையை நம் முன் வைக்கிறது: கூட்டாளிகளில் பெரும்பாலோர் ஒருவருக்கொருவர் அநீதி இழைக்கின்றனர், ஈமான் கொண்டு நற்செயல் புரிவோர் மட்டுமே அதற்கு விலக்கு, அத்தகையோரோ மிகக் குறைவு.

இந்த வழக்கில் ஆடு பறிக்கப்பட்டது வாளால் அன்று, பேச்சால் என்பதைக் கவனியுங்கள். இன்று ஓர் இளைஞர் புதிய தொழில் ஒன்றுக்குத் திட்டம் தீட்டுகிறார். அவரிடம் பணம் இல்லை. செல்வர் ஒருவரிடம் பணம் இருக்கிறது; அவருக்குத் தொழில் தெரியாது. இருவரும் ஒரு மேசையின் இரு புறமும் அமர்ந்து பேசுகிறார்கள். லாபத்தில் யாருக்கு எவ்வளவு? நஷ்டம் வந்தால் யார் தலையில்? இந்தக் கேள்விகளுக்கான பதிலை நீதி தீர்மானிக்க வேண்டும். ஆனால் பெரும்பாலும் அதைத் தீர்மானிப்பது யாருக்கு அவசரம் அதிகம், யாருக்குப் பேச்சுத் திறன் அதிகம் என்பதே. வலியவன் மெலியவனைப் பேச்சால் மிகைத்துவிடாமல் காக்க நம் மார்க்கம் என்ன வேலி அமைத்தது, அவ்வேலி வரலாற்றில் எவ்வாறு உருவாயிற்று என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மக்காவின் வணிகக் கூட்டங்கள்

மக்கா பயிர் விளையாத பள்ளத்தாக்கு. குறைஷியரின் வாழ்வு வணிகத்தையே நம்பியிருந்தது. அவர்களின் குளிர்காலப் பயணத்தையும் கோடைகாலப் பயணத்தையும் குறைஷ் அத்தியாயம் நினைவூட்டுகிறது. குளிர்காலத்தில் யமனுக்கும் கோடையில் ஷாமுக்கும் ஒட்டகக் கூட்டங்கள் சென்று வந்தன என விரிவுரையாளர்கள் விளக்குகின்றனர்.

எல்லோரும் பயணம் போக முடியாது. ஆனால் எல்லோரும் பணம் கொடுத்தனுப்பினர். ஹிஜ்ரி 2 ஆம் ஆண்டில் (கி.பி. 624) பத்ருப் போருக்கு முன் அபூ ஸுஃப்யான் தலைமையில் திரும்பிய வணிகக் கூட்டத்தில் ஆயிரம் ஒட்டகங்கள் இருந்தன என்றும், குறைஷியரில் ஆண், பெண் என ஏறக்குறைய அனைவருமே தம் சிறுதொகையையாவது அதில் இட்டிருந்தனர் என்றும் வரலாற்றாசிரியர் வாகிதி எழுதுகிறார்.

இவ்வாறு முதலீடு செய்தவர்களில் தலைசிறந்தவர் அன்னை கதீஜா (ரழி) அவர்கள். அன்னையவர்கள் தம் பொருளை நம்பகமான ஆடவரிடம் கொடுத்து, லாபத்தில் அவர்களுக்கும் ஒரு பங்கு என்று பேசி வணிகத்திற்கு அனுப்புவார்கள். பெருமானார் (ஸல்) அவர்கள் சுமார் இருபத்தைந்து வயதில், அன்னையின் பணியாளர் மைஸராவுடன் ஷாம் நாட்டுக்குச் சென்றது இத்தகைய ஏற்பாட்டில்தான். அவர்களின் உண்மையையும் அமானிதத்தையும் கேள்வியுற்ற அன்னையவர்களே அழைத்து இப்பொறுப்பை ஒப்படைத்தார்கள். மற்றவர்களுக்குக் கொடுப்பதைவிட மேலானதைத் தருவதாகவும் கூறினார்கள் என நபி வரலாற்று நூல்கள் தெரிவிக்கின்றன.

சகோதர சகோதரிகளே! இதில் நமக்குப் பாடம் உண்டு. முதலீட்டாளர் தேடிச் சென்றது ஒழுக்கத்தை. அந்த ஒழுக்கத்தைக் கண்டறிந்த பிறகு, குறைந்த கூலிக்குப் பேரம் பேசவில்லை. வழக்கத்தைவிட அதிகப் பங்கைத் தாமாகவே முன்வைத்தார்கள். நல்ல உழைப்பாளிக்குக் கொடுக்கும் பங்கு தமக்கு இழப்பு ஆகாது என்பதை அந்தப் பெருமாட்டி அறிந்திருந்தார்கள்.

வணிகத்திற்காகப் பூமியில் பயணம் செய்வதைக் குறிக்கும் அரபுச் சொல்லிலிருந்து இந்த ஏற்பாட்டுக்கு ‘முளாரபா’ எனப் பெயர் வந்தது. ஹிஜாஸ் மக்கள் இதையே ‘கிராள்’ என்றனர். இஸ்லாம் வந்தபோது வட்டி தடுக்கப்பட்டது; முளாரபா தடுக்கப்படவில்லை. வட்டிக்கு மாற்றாக அது நிலைத்தது.

அன்னை கதீஜாவின் சகோதரர் மகனான ஹகீம் இப்னு ஹிஸாம் (ரழி) அவர்களும் இவ்வாறு பணம் கொடுப்பவர். அவர் முன்கூட்டியே நிபந்தனைகளைச் சொல்லிவிடுவார்: என் பணத்தில் உயிருள்ள பிராணிகளை வாங்கக் கூடாது, அதைக் கடல் வழியாகக் கொண்டு போகக் கூடாது, வெள்ளம் பாயும் ஓடையில் அதனுடன் தங்கக் கூடாது, இவற்றை மீறினால் நீங்களே பொறுப்பு. பணம் கொடுப்பவர் தம் பணத்தைக் காக்க நிபந்தனை விதிப்பது அநீதி ஆகாது என்பது இதனால் விளங்குகிறது. ஆனால் அந்த நிபந்தனைகள் எத்தகையவை என்று பாருங்கள். ஒவ்வொன்றும் குறிப்பிட்ட ஆபத்தைத் தடுப்பது. ஒவ்வொன்றும் பயணம் புறப்படும் முன்பே சொல்லப்பட்டது. உழைப்பவரின் பங்கைக் குறைக்கும் தந்திரம் அவற்றில் ஒன்றுமில்லை.

நபியவர்கள் அகற்றிய அநீதி

மதீனா விவசாய நகரம். அங்கு நிலமும் உழைப்பும் கூட்டுச் சேர்ந்தன. ராஃபிஉ இப்னு கதீஜ் (ரழி) அவர்கள் அந்நாளைய வழக்கம் ஒன்றை அறிவிக்கிறார்கள். நிலச் சொந்தக்காரர், வாய்க்கால் ஓரத்தில் விளைவது எனக்கு, மற்ற இடத்தில் விளைவது உனக்கு என்று பேசிக்கொள்வார். சில பருவத்தில் ஒரு பகுதி அழிந்து மறு பகுதி தப்பும்; சில பருவத்தில் இது தலைகீழாகும். ஒருவர் நிறைந்த களஞ்சியத்துடன் வீடு திரும்ப, மற்றவர் வெறுங்கையுடன் திரும்புவார். பெருமானார் (ஸல்) அவர்கள் இதைத் தடை செய்தார்கள்.

விளைச்சலில் பாதி, மூன்றில் ஒன்று என்று பேசினால் வெள்ளமோ வறட்சியோ இருவரையும் சேர்த்தே தொடும். குறிப்பிட்ட இடத்தின் விளைச்சல் எனக்கு என்று ஒருவர் ஒதுக்கிக்கொண்டால் கூட்டு என்ற பெயர் மட்டுமே மிஞ்சும். இந்த நுணுக்கத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஹிஜ்ரி 7 ஆம் ஆண்டில் (கி.பி. 628) கைபர் வெற்றிகொள்ளப்பட்டது. அந்நிலங்களில் உழைக்கத் தெரிந்தவர்கள் அங்கிருந்த யூதர்களே. விளைச்சலில் பாதி என்ற அடிப்படையில் நபியவர்கள் நிலத்தை அவர்களிடமே விட்டார்கள். வென்றவர்களும் தோற்றவர்களும் பேசிய ஒப்பந்தம் அது. வென்றவர் விரும்பியபடி பங்கைக் கூட்டியிருக்கலாம், அவ்வாறு செய்யப்படவில்லை.

அறுவடைக்கு முன் பேரீத்தங்கனிகளை மதிப்பிட அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரழி) அவர்கள் அனுப்பப்பட்டார்கள். மதிப்பீட்டில் தமக்குச் சாதகம் செய்யுமாறு கேட்டு யூதர்கள் தம் பெண்களின் நகைகளைத் திரட்டி அவர்களிடம் நீட்டினர். அது லஞ்சம், நாங்கள் அதை உண்பதில்லை என்று அப்துல்லாஹ் (ரழி) அவர்கள் மறுத்துவிட்டார்கள். மதிப்பிட்டு முடித்ததும் அவர்களிடமே தேர்வை விட்டார்கள்: நான் சொன்ன அளவு சரியென்றால் கனிகளை நீங்கள் வைத்துக்கொண்டு எங்கள் பாதியைத் தாருங்கள், அதிகம் என்று தோன்றினால் கனிகளை நாங்கள் எடுத்துக்கொண்டு உங்கள் பாதியைத் தருகிறோம்! எந்தப் பக்கத்தில் நின்றாலும் அதே மதிப்பை ஏற்கத் தயாராய் இருப்பதே நேர்மையான மதிப்பீட்டின் உரைகல். வானங்களும் பூமியும் நிலைபெற்றிருப்பது இத்தகைய நீதியால்தான் என்று அந்த யூதர்களே ஒப்புக்கொண்டதாக இமாம் மாலிக் (ரஹ்) அவர்களின் முவத்தா நூலில் காண்கிறோம்.

உமர் (ரழி) அவர்களின் சபையில்

அதே முவத்தா நூலில், கிராள் பற்றிய பாடத்தின் தொடக்கத்தில் மற்றொரு நிகழ்ச்சி இடம்பெறுகிறது. முதலுக்கும் உழைப்புக்கும் இடையே நடந்த ஒரு வாதத்தை அது பதிவு செய்துள்ளது.

கலீஃபா உமர் (ரழி) அவர்களின் மக்களான அப்துல்லாஹ், உபைதுல்லாஹ் ஆகிய இருவரும் படையுடன் இராக் சென்று திரும்பும் வழியில் பஸராவின் ஆளுநர் அபூ மூஸா அல்அஷ்அரீ (ரழி) அவர்களைச் சந்தித்தனர். மதீனாவுக்கு அனுப்ப வேண்டிய பொதுப்பணம் கொஞ்சம் என்னிடம் உள்ளது. அதை உங்களுக்குக் கடனாகத் தருகிறேன். இராக்கில் சரக்கு வாங்கி மதீனாவில் விற்று, அசலைக் கலீஃபாவிடம் செலுத்திவிட்டு லாபத்தை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றார் ஆளுநர். அவ்வாறே செய்தனர், லாபமும் கிடைத்தது.

அசலைச் செலுத்த வந்தபோது உமர் (ரழி) அவர்கள் கேட்ட முதல் கேள்வி, படையினர் அனைவருக்கும் இப்படிக் கடன் கொடுத்தாரா என்பதே. இல்லை என்றனர். கலீஃபாவின் மக்கள் என்பதால் கிடைத்த சலுகை இது. அசலையும் லாபத்தையும் சேர்த்துச் செலுத்துங்கள் என்று உமர் (ரழி) அவர்கள் ஆணையிட்டார்கள்.

அப்துல்லாஹ் மௌனமாக இருந்தார். உபைதுல்லாஹ் பேசினார். அமீருல் முஃமினீன் அவர்களே, இது தகாது. பணம் தொலைந்திருந்தாலோ குறைந்திருந்தாலோ நாங்கள்தானே பொறுப்பாகி ஈடு செய்திருப்போம் என்பது அவர் வாதம். உமர் (ரழி) அவர்கள் தம் நிலையில் உறுதியாக இருந்தார்கள். உபைதுல்லாஹ் மீண்டும் அதையே வலியுறுத்தினார். அப்போது சபையில் இருந்த ஒருவர், இதை கிராள் ஆக்கிவிடலாமே என்று ஆலோசனை கூறினார். உமர் (ரழி) அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அசலும் லாபத்தில் பாதியும் பொதுநிதிக்கு. லாபத்தின் மறு பாதி மக்கள் இருவருக்கும் என்று முடிவாயிற்று.

இருவர் வாதத்திலும் உண்மை இருந்ததைச் சிந்தியுங்கள். பணம் யாருடையதோ அவருக்கு லாபத்தில் உரிமை உண்டு என்பது தந்தையின் வாதம். ஆபத்தைச் சுமந்தவனுக்கு லாபத்தில் உரிமை உண்டு என்பது மகனின் வாதம். உலகையே நடுங்கவைத்த கலீஃபா தம் அதிகாரத்தால் மகனின் வாயை அடைக்கவில்லை. மூன்றாமவர் ஒருவரின் ஆலோசனைக்குச் செவிசாய்த்து, இரண்டு உரிமைகளையும் மதிக்கும் பங்கீட்டை ஏற்றார்கள். ஆபத்தில் பங்கேற்காதவன் லாபத்தில் பங்கு கேட்கலாகாது என்பதற்கு இந்நிகழ்ச்சி ஒளிவிளக்கு.

இமாம்கள் வகுத்த வரம்புகள்

இந்த அடித்தளத்தின் மீது இமாம்கள் முளாரபா சட்டங்களை எழுப்பினர். கி.பி. 11 ஆம் நூற்றாண்டின் ஹனஃபி அறிஞர் இமாம் ஸரக்ஸீ (ரஹ்) அவர்கள், மக்களின் தேவையே இந்த ஒப்பந்தத்துக்கு அடிப்படை என்கிறார்கள். பணமுள்ளவருக்கு வணிகத்தின் வழி தெரியாமல் இருக்கலாம். வழி தெரிந்தவரிடம் பணம் இல்லாமல் இருக்கலாம். இருவரும் சேர்ந்தால் அல்லாது லாபம் பிறக்காது என்பது அவர்களின் விளக்கம். பணக்காரர் ஏழைக்குச் செய்யும் தயவாக அவர்கள் இதைக் காணவில்லை. இருவருக்கும் இருவரும் தேவை.

அவர்கள் வகுத்த வரம்புகளைச் சுருக்கிச் சொல்வோம். லாபம் விகிதமாக இருக்க வேண்டும்: பாதி, மூன்றில் ஒன்று, நான்கில் ஒன்று என்று எவ்வளவும் பேசிக்கொள்ளலாம். ஆனால் எனக்கு இத்தனை திர்ஹம் என்று ஒரு தரப்பு நிலையான தொகையை உறுதி செய்துகொண்டால் முளாரபா செல்லாது. இதில் அறிஞர்களின் ஒருமித்த கருத்தை இமாம் இப்னுல் முன்திர் (ரஹ்) அவர்கள் பதிவு செய்துள்ளார்கள். வாய்க்கால் ஓரத்து விளைச்சலைத் தடுத்த அதே நீதி இங்கும் செயல்படுகிறது.

நஷ்டம் வந்தால் பணத்தின் நஷ்டம் பணம் தந்தவருக்கு. உழைத்தவர் தம் உழைப்பை இழக்கிறார். உழைப்பவர் அமானிதக்காரர். அலட்சியம், மோசடி, நிபந்தனை மீறல் ஆகியவை இல்லாதவரை அவர் ஈடு செய்ய வேண்டியதில்லை. அதே வேளையில், அசல் நிறைவாகத் திரும்பிய பிறகே லாபம் என்ற பேச்சு. நடுவில் பங்கிட்டுக்கொண்டு பின்னால் நஷ்டம் ஏற்பட்டால், முன்பு எடுத்த லாபத்திலிருந்து அசலை நிரப்ப வேண்டும்.

உழைப்பவரின் சாப்பாட்டுச் செலவைக்கூட அவர்கள் விட்டுவைக்கவில்லை. ஹனஃபி மத்ஹபில், வணிகப் பயணத்தில் இருக்கும்போது உணவு, உடை, வாகனச் செலவை முதலிலிருந்து எடுக்கலாம். சொந்த ஊரில் இருக்கும்போது எடுக்கலாகாது. ஷாஃபிஈ மத்ஹபின் வலுவான கருத்துப்படி, பயணத்திலும் அவருடைய சொந்தச் செலவு அவரையே சாரும். கருத்து எதுவாயினும், அதை முன்பே பேசித் தெளிவாக்கிக்கொண்டால் பின்னர் சண்டைக்கு இடமில்லை.

கடல் கடந்த ஒப்பந்தம்

இதே வகை ஒப்பந்தம் மத்தியதரைக் கடலின் மறு கரையிலும் காணப்படுகிறது. கி.பி. 1073 இல் வெனிஸ் நகரில் எழுதப்பட்ட ஒப்பந்தம் ஒன்று இன்றும் நமக்குக் கிடைக்கிறது. ஊரில் இருப்பவர் 200 லிரா போட்டார். கப்பலில் செல்பவர் 100 லிரா போட்டார். லாபத்தில் இருவருக்கும் சரிபாதி. மூன்றில் இரு பங்கு முதல் போட்டவருக்கும் பாதி லாபமே. பயணம் செய்தவரின் உழைப்புக்கும் ஆபத்துக்கும் விலை வைக்கப்பட்டது. கடலாலோ பகைவராலோ அனைத்தும் அழிந்தால் ஒருவர் மற்றவரிடம் ஒன்றும் கேட்கலாகாது என்றும் அதில் எழுதப்பட்டது. முழு முதலையும் ஊரில் இருப்பவரே போட்டால் அவருக்கு லாபத்தில் நான்கில் மூன்று, பயணிக்கு நான்கில் ஒன்று என்பது இத்தாலிய நகரங்களின் பொது வழக்கம்.

இத்தாலியரின் ‘கொமெண்டா’ என்னும் இவ்வகை ஒப்பந்தத்துக்கு முன்மாதிரி முஸ்லிம்களின் முளாரபாவே என்று கருதும் ஆய்வாளர்கள் உள்ளனர். இன்று உலகெங்கும் பேசப்படும் துணிகர முதலீட்டின் வேர்களை எழுதுவோர் இந்தக் கொமெண்டாவையே அதன் மூதாதையாகச் சுட்டுகின்றனர்.

பாஸ்டன் முதல் டெலாவேர் வரை

நவீன காலத் துணிகர முதலீட்டு நிறுவனம், 1946 இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் தோன்றியது. ஹார்வர்டு வணிகக் கல்லூரிப் பேராசிரியர் ஜார்ஜ் டோரியோ அதை நடத்தினார். 1957 இல் கணினி செய்யப் புறப்பட்ட கென் ஓல்சன், ஹார்லன் ஆண்டர்சன் என்னும் பொறியாளர் இருவருக்கு அந்நிறுவனம் 70,000 டாலர் முதலீடு செய்தது. பதிலுக்கு அவர்களின் நிறுவனத்தில் 70 சதவீதப் பங்கை எடுத்துக்கொண்டது. 1972 வாக்கில் அந்தப் பங்கின் மதிப்பு 35 கோடி டாலரையும் தாண்டியது.

70 சதவீதம் அதிகமா, குறைவா? அன்று வேறு யாரும் அவ்விருவரையும் நம்பிப் பணம் தர முன்வருவது அரிதாயிருந்தது. தொழில் தோற்றிருந்தால் போட்ட முதல் போனதுதான். விகிதம் பேசப்பட்டது, ஆபத்தும் பகிரப்பட்டது. ஆகவே இதை அநீதி என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

ஆனால் காலப்போக்கில் ஒப்பந்தங்களில் வேறு சில நிபந்தனைகள் நுழைந்தன. முதலீட்டாளருக்கு முன்னுரிமைப் பங்கு. நிறுவனர்களுக்கும் ஊழியர்களுக்கும் சாதாரணப் பங்கு. நிறுவனம் விற்கப்பட்டால் முன்னுரிமைப் பங்குக்காரர் முதலில் எடுத்துக்கொள்வார். சில ஒப்பந்தங்களில் போட்ட முதலைப் போல் இரு மடங்கு, மூன்று மடங்கு எடுத்த பிறகே மற்றவர்களுக்கு. அதன் பின்னும் மீதியில் பங்கு.

டிராடோஸ் என்னும் மொழிபெயர்ப்பு மென்பொருள் நிறுவனத்தின் கதை இதை விளக்கும். 2005 இல் அது 6 கோடி டாலருக்கு விற்கப்பட்டது. அதில் 78 லட்சம் டாலர் உயர் நிர்வாகிகளுக்கு ஊக்கத்தொகையாகச் சென்றது. மீதி 5 கோடியே 22 லட்சம் டாலர் முழுவதும் முன்னுரிமைப் பங்குக்காரர்களுக்குச் சென்றது. அவர்களுக்குச் சேர வேண்டியது 5 கோடியே 79 லட்சம் என்பது ஒப்பந்தக் கணக்கு. சாதாரணப் பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு டாலர்கூடக் கிடைக்கவில்லை. வழக்கு டெலாவேர் மாநில நீதிமன்றத்துக்குச் சென்றது. இயக்குநர்கள் நேர்மையான நடைமுறையைப் பின்பற்றவில்லை என்று 2013 இல் நீதிமன்றம் கண்டது. எனினும் விற்பனைக்கு முன்பே சாதாரணப் பங்குக்கு மதிப்பு ஏதும் இருக்கவில்லை. ஆகவே கிடைத்த பூஜ்யம் நியாயமானதே என்று தீர்ப்பளித்தது. முன்னுரிமைப் பங்கின் ஒரு பகுதிக்கு ஆண்டுக்கு 8 சதவீதம் சேர்ந்துகொண்டே போகும் உரிமை இருந்ததும் இதற்கு ஒரு காரணம்.

அன்பர்களே! இங்கே நாம் அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது. அசல் முதலில் திரும்ப வேண்டும் என்பது முளாரபாவிலும் உள்ள விதிதான். தம் பணத்தை முதலில் எடுத்துக்கொள்வதால் மட்டும் ஒருவர் அநீதியாளர் ஆகிவிடமாட்டார். ஆனால் லாபம் வந்தாலும் வராவிட்டாலும் ஆண்டுக்கு 8 சதவீதம் ஏறிக்கொண்டே போகும் உரிமை எதைப் போன்றது? போட்ட முதலுக்கு இரு மடங்கு முதலில் என் பங்கு என்பது எதைப் போன்றது? வாய்க்கால் ஓரத்து விளைச்சலை ஒருவர் தமக்கென ஒதுக்கிக்கொண்டாரே, அதைப் போன்றது அல்லவா? விளைந்தாலும் விளையாவிட்டாலும் ஒருவர் களஞ்சியம் நிரம்பும்; மற்றவர் வெறுங்கையுடன் வீடு திரும்புவார்.

அமானிதம் என்னும் மறுபக்கம்

பணம் தருபவரை மட்டுமே குறை கூறுவது நீதியன்று. உழைப்பவர் அமானிதத்தைப் பேணாவிட்டால் முளாரபா ஒரு நாளும் நிலைக்காது. 1963 இல் எகிப்தின் மீத் கம்ர் என்னும் ஊரில் அஹ்மத் அந்நஜ்ஜார் வட்டியில்லாச் சேமிப்பு வங்கியைத் தொடங்கினார். 1975 இல் துபாய் இஸ்லாமிய வங்கி தோன்றியது. முளாரபாவே இஸ்லாமிய வங்கியின் முதுகெலும்பாக இருக்கும் என்று அக்கால அறிஞர்கள் எழுதினர். நடைமுறையிலோ, பொருளை வாங்கி லாபம் வைத்துத் தவணைக்கு விற்கும் ‘முராபஹா’தான் வங்கிகளின் பெரும் வியாபாரமாயிற்று. காரணங்களில் முக்கியமானது ஒன்று: பணம் வாங்கிய வணிகர் உண்மையான கணக்கைக் காட்டுவார் என்ற உறுதி வங்கிகளுக்கு இல்லை.

கூட்டாளிகளில் ஒருவர் மற்றவருக்குத் துரோகம் செய்யாதவரை அவர்களோடு மூன்றாமவனாக அல்லாஹ் இருக்கிறான். துரோகம் நுழைந்தால் அவன் விலகிவிடுகிறான் என்னும் கருத்துடைய நபிமொழி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. அல்லாஹ் விலகிய வியாபாரத்தில் பரக்கத் ஏது?

நம் இல்லங்களில்

இந்த வரலாறெல்லாம் நமக்கு எதற்கு என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். கடல் கடந்து உழைத்து வந்த பணத்தை, மகள் திருமணத்துக்குச் சேர்த்த தொகையை, விற்ற நிலத்தின் கிரயத்தை வியாபாரி ஒருவரிடம் கொடுத்து, லட்சத்துக்கு மாதம் இத்தனை ஆயிரம் ‘லாபம்’ என்று வாங்கி உண்ணும் வழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. வியாபாரம் நடந்ததா, லாபம் வந்ததா என்று யாரும் கேட்பதில்லை. மாதம் பிறந்தால் தொகை வரவேண்டும். பெயர் லாபம்; உள்ளே இருப்பது வட்டி. வியாபாரி நொடித்துப்போனால், அசலை எப்படியாவது தா என்று அவர் வீட்டு வாசலில் நிற்கிறோம். ஆபத்தில் பங்கேற்க மறுத்துவிட்டு லாபத்தை மட்டும் ஹலால் என்று சொல்லிக்கொள்கிறோம்.

இந்தப் பலவீனத்தை அறிந்தவர்கள் அதையே வலையாக விரிக்கின்றனர். 2019 இல் பெங்களூரில் ‘ஹலால் முதலீடு’ என்ற பெயரில் இயங்கிய நிறுவனம் ஒன்று வீழ்ந்தபோது பல்லாயிரக்கணக்கான குடும்பங்கள் தம் சேமிப்பை இழந்து தவித்தன. மாதந்தோறும் வந்த தொகையை எண்ணி மகிழ்ந்த வேளையில், அது எந்த வியாபாரத்தின் லாபம் என்று கணக்குக் கேட்டிருந்தால் எத்தனை பேர் தப்பியிருப்பார்கள்!

ஆகவே, பணம் கொடுக்கும் பெரியவர்களே! தொழில் தொடங்கும் இளைஞர்களே! கையெழுத்திடும் முன் இவற்றைப் பேசி முடியுங்கள். கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி, சாட்சிகளை வைத்துக்கொள்ளுமாறு திருக்குர்ஆனின் 2:282 வசனம் பணிக்கிறது. கூட்டு வியாபாரத்துக்கும் அந்த ஒழுங்கையே கடைப்பிடியுங்கள். தொகையாகப் பேசாமல் விகிதமாகப் பேசுங்கள். நஷ்டம் யாருக்கு என்ற கேள்வியை வெட்கப்படாமல் முதல் நாளே கேளுங்கள். உழைப்பவரின் வீட்டுச் செலவு எங்கிருந்து என்பதைத் தெளிவாக்குங்கள். தொழிலின் மதிப்பைக் கணிக்கும்போது, இதே மதிப்புக்கு நான் மறுபக்கத்தில் அமரச் சம்மதிப்பேனா என்று அப்துல்லாஹ் இப்னு ரவாஹா (ரழி) அவர்களின் உரைகல்லில் உரசிப் பாருங்கள். கணக்கைப் பார்க்கும் உரிமையை ஒருவர் கேட்டால் மற்றவர் கோபப்பட வேண்டாம். அது சந்தேகம் அன்று, அமானிதத்தின் பாதுகாப்பு. கருத்து வேறுபாடு வந்தால் ஏற்றுக்கொள்வதற்கு மார்க்கம் அறிந்த, வணிகம் தெரிந்த நடுவர் ஒருவரை முன்பே குறித்துக்கொள்ளுங்கள். உமர் (ரழி) அவர்களின் சபையில் வழி காட்டியவரும் ஒரு மூன்றாமவரே.

எதிரில் இருப்பவர் அவசரத்தில் இருக்கிறார் என்பதற்காக அவருடைய ஓர் ஆட்டையும் கேட்டுவிடாதீர்கள். நமக்கு அளந்து வாங்கும்போது நிறைவாகவும், பிறருக்கு அளந்து கொடுக்கும்போது குறைவாகவும் அளப்போருக்குக் கேடு என்று முதஃப்பிஃபீன் அத்தியாயம் எச்சரிக்கிறதே, ஒப்பந்தம் எழுதும் பேனாவும் ஒரு தராசுதான் என்பதை மறவாதீர்கள்.

ஸாயிப் (ரழி) என்னும் நபித்தோழர் இஸ்லாத்துக்கு முன் பெருமானாரின் வணிகக் கூட்டாளியாக இருந்தவர். பல்லாண்டுகளுக்குப் பின் அவர் பெருமானாரைப் பற்றிச் சொன்ன சாட்சி, தாங்கள் மிகச் சிறந்த கூட்டாளியாக இருந்தீர்கள், சண்டையிட்டதுமில்லை, வீண்வாதம் புரிந்ததுமில்லை என்பதே. நம் வியாபாரம் முடிந்து நாம் பிரியும் நாளில் நம் கூட்டாளி நம்மைப் பற்றி என்ன சாட்சி சொல்வார் என்பதை எண்ணி வாழ்வோமாக!

வல்ல அல்லாஹ் நம் சம்பாத்தியத்தை ஹலாலாக்கி, நம் கூட்டு வியாபாரங்களில் நீதியையும் பரக்கத்தையும் நிறைத்து, பிறர் உரிமையைப் பறித்த பாவத்தோடு தன் சமூகத்தில் நிற்கும் இழிவிலிருந்து நம்மையும் நம் சந்ததிகளையும் காத்தருள்வானாக! ஆமீன். யாரப்பல் ஆலமீன்.